சிபியு தெனம் கொஞ்சங்கொஞ்சமா ஏறுதா? ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதப் பாருங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. லைன்ல ஒவ்வொரு பண்டில் ஸ்கேன் பண்றதையும் பதியுற ஜாவா புரோகிராம் ஒண்ணு அங்க சர்வர்ல ஓடுது. திங்கக்கெழமை சாயங்காலம் சிபியு 12 சதவீதம், புதன் 35, சனிக்கெழமை 70ஐத் தாண்டிரும், அன்னைக்குத்தான் வாரச் சம்பளம், பீஸ் கணக்கு வந்தாத்தான் காசு கைக்கு வரும், ஆளுங்க பொழுதோட காத்துட்டு நிக்கறப்ப ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கும். ஞாயித்துக்கெழமை ரீஸ்டார்ட் பண்ணுனா மறுபடி அடங்கிரும்.

மொதல்ல, ஏறி நிக்கறப்ப ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. தடயம் பூரா அப்பத்தான் கைல கெடைக்கும். ரீஸ்டார்ட் பண்ணுனா எறங்குதுங்கறதே ஒரு துப்புதானுங்க, ஓட ஓட உள்ள எதையோ சேத்துக்கிட்டே போகுதுன்னு அர்த்தம்.

அப்பறம் அளவு எடுக்கோணும். பிட்ஸ்டாட்டை (pidstat, ஒரு புரோகிராம் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு அளக்குற லினக்ஸ் கமாண்டு) 300 செகண்டுக்கு ஒருக்கா ஃபைல்ல எழுத விடுங்க, சிஸ்ஸ்டாட் (sysstat) பேக்கேஜ்ல வரும். பிஎஸ் (ps) கமாண்டு காட்டுற சிபியு நம்பர நம்பிராதீங்க, அது புரோகிராம் ஆரம்பிச்சதுல இருந்து இப்ப வரைக்கும் உள்ள சராசரி, ஏத்தம் அதுல அமுங்கிப் போயிரும். கூடவே மணிக்கு எத்தன ரிக்வெஸ்ட் வருதுன்னு லாக்ல எண்ணிப் பாருங்க. அதுவும் ஏறுச்சுன்னா வேலை கூடியிருக்குது, அவ்வளவுதான். இங்க தெனமும் ஒரே அளவுதான் வந்துச்சு.

மெமரி நெறஞ்சாலும் சிபியு ஏறும், குப்பை அள்ளறதுக்கே (வேண்டாத டேட்டாவ ஜாவா தானா மெமரில இருந்து அழிக்கறது) நேரம் போயிரும். ஜேஸ்டாட்ல (jstat, ஜாவாவோட வர்ற கமாண்டு) ஜிசியுடில் (-gcutil) போட்டுப் பாருங்க, ஓ (O)ங்கற பத்தி, அதாவது ரொம்ப நேரமா இருக்கற டேட்டாவுக்கான மெமரி எத்தன சதவீதம் நெறஞ்சிருக்குங்கறது, 100 பக்கத்துலயே நின்னு எஃப்ஜிசி (FGC, மெமரி முழுசையும் கூட்டுன தடவ) எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்தா அதுதான் கோளாறு. எங்களுக்கு ஓ 30லதான் இருந்துச்சு, அதனால அடுத்ததுக்குப் போனோம்.

டாப் (top) கமாண்டு போட்டு பெரிய ஹெச் (H) அழுத்துனா திரெட் திரெட்டா, அதாவது புரோகிராமுக்குள்ள தனித்தனியா ஓடுற வேலை ஒவ்வொண்ணா, பிரிச்சுக் காட்டும் (இதுல 100னா ஒரு கோர் முழுசா, மொத்த மெஷினும் இல்ல). மேல நிக்கற திரெட் நம்பரக் குறிச்சுக்கோங்க. எங்களுக்கு 4127. ஜாவா 8, 11ல எல்லாம் ஜேஸ்டாக் (jstack, ஒவ்வொரு திரெட்டும் அந்த நேரத்துல எந்த ஃபங்ஷன்ல நிக்குதுன்னு காட்டுற கமாண்டு) அத ஹெக்ஸ்லதான் (16 அடிமான எண்) காட்டும், மாத்துனா 101எஃப் (101f), என்ஐடி (nid)ன்னு இருக்கற எடத்துல அதத் தேடுங்க. ஜேஸ்டாக்க புரோகிராம் ஓடுற அதே யூசர்ல போடுங்க, ஒருக்கா போட்டு முடிவு கட்டாதீங்க, 10 செகண்டு விட்டு விட்டு மூணு தடவ எடுங்க. மூணுலயும் அதே ஃபங்ஷன்ல நின்னா ஆளு மாட்டிக்கிச்சு.

எங்களுக்கு மூணுலயும் ஒரே எடம். லைன் டிவில "இன்னைக்கு எத்தன பீஸ்"னு காட்டறதுக்கு ஒரு டைமர், செகண்டுக்கு ஒருக்கா, 40 லைனுக்கும் தனித்தனியா, ஸ்கேன் லிஸ்ட்டு மொத்தத்தையும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நடந்து எண்ணுது. அந்த லிஸ்ட்ட யாருமே காலி பண்றதில்ல. தெனம் லட்சம் வரி சேருது, சனிக்கெழமை ஆறு லட்சம், லிஸ்ட்ட வேற யாரும் தொடாம பூட்டி (lock) வெச்சுக்கிட்டே நடக்கறதால புது ஸ்கேன் எல்லாம் பின்னாடி நிக்குது. டெஸ்ட் பண்றப்ப 200 வரில ஓட்டிப் பாத்திருப்பாங்க, கண்ணுலயே பட்டிருக்காது.

லைனுக்கு ஒரு கவுண்டர் வெச்சு, ஸ்கேன் வர்றப்ப ஒண்ணு கூட்டுற மாதிரி மாத்துனோம், ராத்திரி 12 மணிக்கு பழச அழிச்சர்றோம். மாத்துன ஒடனே எறங்கிருச்சேன்னு விட்றாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணுனாலே எறங்கத்தான் செய்யும். அடுத்த சனிக்கெழமை வரைக்கும் ரீஸ்டார்ட்டே பண்ணாம ஓட விட்டு, அதே பிட்ஸ்டாட் ஃபைல்ல திங்கக்கெழமை நம்பரும் சனிக்கெழமை நம்பரும் ஒண்ணா இருக்குதான்னு பாருங்க.