மாடல் 100-இல் உள்ள கோப்புகளை இன்றைய கணினிக்கு மாற்றுவது எப்படி?

டிஆர்எஸ்-80 மாடல் 100, கியோசெரா தயாரித்து ரேடியோ ஷாக் கடைகளில் 1983-இல் விற்பனைக்கு வந்த மடிக்கணினி. திரையில் 8 வரி, வரிக்கு 40 எழுத்து. நான்கு டபுள்-ஏ பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடும். செய்தியாளர்கள் இதில் தட்டச்சு செய்து, உள்ளேயே இருக்கும் 300 பாட் மோடம் வழியாகத் தொலைபேசியில் அனுப்பினார்கள். விசைப்பலகை இன்றும் அருமை.

இதில் டிஸ்க் கிடையாது; எழுதியதெல்லாம் ராமில்தான். அதனால் அடியில் உள்ள 'மெமரி பவர்' சுவிட்சைத் தொடவே வேண்டாம். ஆஃப் செய்தால் எல்லாம் போய்விடும். அடாப்டரைவிடப் புது பேட்டரியே நல்லது. இதற்கு 6 வோல்ட், நடுவில் மைனஸ் உள்ள அடாப்டர் வேண்டும். பொதுவாகக் கிடைப்பதில் நடுவில் பிளஸ்.

அப்புறம் கேபிள். மாடல் 100-இன் 25 பின் சீரியல் போர்ட்டுக்கு நல்-மோடம் கேபிள் (இரண்டு கணினிகளை நேரடியாக இணைப்பது), மறுமுனையில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர். எஃப்டிடிஐ சிப் உள்ளதையே வாங்குங்கள், பணம் வீண்போகாது. கணினியில் கூல்டெர்ம் என்ற சீரியல் டெர்மினல் மென்பொருள் போதும். அதில் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை சரிபார்ப்பு பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட், எக்ஸான்/எக்ஸாஃப் (அனுப்புவதை நிறுத்தித் தொடரச் சொல்லும் முறை) ஆன்.

இனி டெல்காம், அதாவது மாடல் 100-இல் உள்ளேயே இருக்கும் தகவல் தொடர்பு மென்பொருள். எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். எஃப்3 (ஸ்டாட்) அழுத்தினால் எம்7ஐ1ஈ என்று காட்டும். முதல் எழுத்து 'எம்' என்றால் மோடம். அது இருக்கும்வரை கேபிளில் ஒரு எழுத்தும் போகாது. அதை மாற்றி 88என்1ஈ என்று கொடுங்கள். முதல் 8 என்பது 9600 வேகம், அடுத்த 8 பிட் எண்ணிக்கை, 'என்' பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், 'ஈ' எக்ஸான் ஆன்.

சரி, எஃப்4 அழுத்தி டெர்முக்குள் (டெர்மினல் நிலைக்குள்) போங்கள். கூல்டெர்மில் கேப்சரை (வருவதைக் கோப்பாகச் சேமிப்பது) தொடங்கிவிட்டு, மாடல் 100-இல் எஃப்3 (அப், அதாவது அனுப்பு) அழுத்தி, கோப்பின் பெயரைக் கொடுங்கள். அகலம் கேட்டால் வெறும் என்டர் போதும்.

பிற்சேர்க்கை: வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். வரிமுடிவில் கேரேஜ் ரிட்டர்ன் மட்டும் வந்தால் அப்படித்தான் ஆகும். நோட்பேட்++-இல் திறந்து வரிமுடிவை மாற்றிச் சேமியுங்கள்.

இன்னொன்று: ராமைக் காப்பாற்றும் நிக்கல்-காட்மியம் பேட்டரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். வயதானால் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். கோப்புகள் பத்திரமாக வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி, 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுங்கள்.