டெலீட் செய்தும் குறையாத லாகின் டேபிள்

உள்நுழைந்த நேரம், ஐபி முகவரி எல்லாம் சேரும் லாகின் டேபிள் ஊதிப்போய் டிஸ்க்கை நிறைத்துவிட்டது. பழைய வரிசைகளை டெலீட் செய்தும் கோப்பின் அளவு இம்மியும் குறையவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் டெலீட் என்பது வரிசைக்குச் செத்த முத்திரை குத்துவது மட்டுமே. வேக்யூம் என்ற துப்புரவுக் கட்டளை ஓடினால் அந்த இடம் புதிய வரிசைகளுக்குப் பயன்படும், பெரும்பாலும் டிஸ்க்குக்குத் திரும்பாது. அதன் முழு வடிவமான வேக்யூம் ஃபுல் இடத்தைத் திருப்பித் தரும். ஆனால் முடியும்வரை டேபிளைப் பூட்டிவிடும். நள்ளிரவிலும் ஆள் வரும் தளத்தில் அது ஆகாத காரியம்.

அதனால் டேபிளை மாதவாரிப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தேன். காலம் கடந்த மாதத்தைக் கழற்றி, பிஜிடம்ப் என்ற காப்பு நகல் கருவி மூலம் கோப்பாக எடுத்து, வேறொரு சர்வரில் மீட்டெடுத்து, வரிசை எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே டிராப் செய்து அடியோடு நீக்குகிறேன். இடம் உடனே கிடைத்துவிடுகிறது. கடவுச்சொல் ஹேஷ் (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவம்) உள்ள பயனர் டேபிளை மட்டும் இந்த ஆர்க்கைவில் சேர்ப்பதில்லை.