மகளைக் கொரியாவுக்குப் படிக்க அனுப்ப: கிருஷ்ணகிரி அப்பா ஒருவரின் குறிப்பு

பிள்ளைகளின் படிப்புக்காக மனைவியையும் அவர்களோடு அமெரிக்கா அனுப்பிவிட்டு, தனியாக இருந்து பணம் அனுப்பும் அப்பாக்கள் கொரியாவில் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையை முதலில் பாருங்கள். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், ஒரு வருட மொழிப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் 5ஆம் நிலை எடுத்தால் அந்த ஒரு வருடமும் மிச்சம்.

இன்றைக்கே பாஸ்போர்ட்டையும் பிளஸ் டூ மார்க்‌ஷீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். என் மகளுக்கு மார்க்‌ஷீட்டில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயர். ஓசூர், ராயக்கோட்டை எங்கும் நம் பிள்ளைகளுக்கு இப்படித்தான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். பெற்றோர் உறவுக்குப் பிறப்புச் சான்றிதழும் கேட்பார்கள். அப்புறம், விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனை உண்டு.