டான்டே நெட்வொர்க்: முதல்முறை அமைப்பவர்களுக்கான செய்முறை

டான்டே என்பது நெட்வொர்க் கேபிள் வழியாக ஒலியை அனுப்பும் தொழில்நுட்பம். மிக்சர், ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டி), ஆம்ப்ளிஃபயர் மூன்றிலும் டான்டே இருந்தால், கேபிளைச் செருகியதுமே லேப்டாப்பில் ஓடும் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் அவற்றின் பெயர்கள் வந்துவிடும். உடனே ரூட்டிங்கில், அதாவது எந்த ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று இணைப்பதில், கை வைக்காதீர்கள். நிகழ்ச்சி நடுவே 'டிக் டிக்' என்று ஒலி அறுபட்டால், கோளாறு பெரும்பாலும் ரூட்டிங்குக்கு முந்தைய வேலைகளில்தான் இருக்கும்.

சுவிட்ச்

ஜிகாபிட் மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) எடுங்கள். முதல் வேலை, அதில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' வசதியை எல்லா போர்ட்டிலும் அணைப்பது. சில சுவிட்சுகளில் இது 'கிரீன் ஈதர்நெட்' என்ற பெயரில் இருக்கும். போக்குவரத்து குறைந்ததும் இது போர்ட்டைத் தூங்கவைக்கும். போர்ட் விழித்தெழும் நேரத்தில் கிளாக் பாக்கெட்டுகள் (எல்லாக் கருவிகளையும் ஒரே நேரக்கணக்கில் வைப்பவை) தாமதமாகி, கருவிகளின் ஒத்திசைவு ஆட்டம் காணும். அணைக்க வழியில்லாத சுவிட்ச் என்றால் அது வேண்டாம்.

அடுத்து கியூஓஎஸ், அதாவது எந்தப் பாக்கெட் முதலில் போக வேண்டும் என்ற வரிசை. டிஎஸ்சிபி என்பது பாக்கெட்டின் மேல் இருக்கும் அடையாள எண். டிஎஸ்சிபி 56க்கு முதல் முன்னுரிமை (கிளாக்), 46க்கு இரண்டாவது (ஒலி), 8க்கு மூன்றாவது, மற்றதெல்லாம் கடைசி. மேல் வரிசை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும் ஸ்டிரிக்ட் பிரையாரிட்டி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட கேபிள், நீளம் 100 மீட்டருக்குள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இரண்டு போர்ட் உள்ள கருவிகள்

'ஸ்விட்ச்டு' முறையில் (இரண்டு போர்ட்டும் ஒரே நெட்வொர்க்) இருக்கும் கருவியின் இரண்டு போர்ட்டையும் ஒரே சுவிட்சில் செருகினால் லூப் உண்டாகி, பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றி நெட்வொர்க் முழுவதும் ஸ்தம்பிக்கும். 'ரிடண்டன்ட்' முறை (ஒரு நெட்வொர்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும்) என்றால் பிரைமரிக்கு ஒரு சுவிட்ச், செகண்டரிக்கு வேறொரு சுவிட்ச். இரண்டுக்கும் நடுவே எந்தக் கேபிளும் போகக்கூடாது.

ஐபியும் பெயரும்

ஐபியைத் தானியங்கியாகவே விடுங்கள். 169.254 எனத் தொடங்கும் முகவரியைக் கருவிகளே எடுத்துக்கொள்ளும். கருவிகள் கண்ணில் படவில்லையா? லேப்டாப்பில் பழைய நிலையான ஐபி கிடக்கிறதா, கன்ட்ரோலரில் சரியான நெட்வொர்க் போர்ட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரை ரூட்டிங்குக்கு முன்பே வைத்துவிட வேண்டும். ஆங்கில எழுத்து, எண், ஹைபன் மட்டும். அதிகபட்சம் 31 எழுத்துகள். 'இன்ன கருவியின் இன்ன சேனல்' என்று, பெறும் கருவிதான் பெயரை நினைவில் வைத்திருக்கிறது. அனுப்பும் கருவியின் பெயரைப் பின்னால் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். இதிலேயே ஒரு வசதியும் உண்டு: பழுதான ஸ்டேஜ் பாக்ஸுக்குப் பதிலாக அதே மாடலை வைத்து, அதே பெயரையும் சாம்பிள் ரேட்டையும் கொடுத்தால் ஒலி தானாக வந்துவிடும்.

கிளாக்

எல்லாக் கருவியிலும் ஒரே சாம்பிள் ரேட் (ஒரு நொடிக்கு ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது), வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸ். 'கிளாக் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் பிரைமரி லீடர், அதாவது மற்றவை நேரம் பார்த்துப் பின்பற்றும் கருவி, ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு தெரிந்தால் நெட்வொர்க் எங்கோ துண்டாகியிருக்கிறது, அல்லது சுவிட்ச் மல்டிகாஸ்டை (ஒரே பாக்கெட்டைப் பல கருவிகளுக்கு ஒன்றாக அனுப்பும் முறை) தடுக்கிறது. நிகழ்ச்சி முடியும்வரை அணைக்கப்படாத ஒரு கருவிக்கு மட்டும் 'பிரிஃபர்டு லீடர்' கொடுங்கள். வெளியிலிருந்து வேர்ட் கிளாக் (தனிக் கேபிளில் வரும் நேர சிக்னல்) உண்மையிலேயே வந்தால் தவிர, 'சிங்க் டு எக்ஸ்டர்னல்' பெட்டியைத் தொடாதீர்கள்.

லேட்டன்சி (ஒலி போய்ச் சேர அனுமதிக்கும் தாமதம்) 1 மில்லிசெகண்ட் போதும். பாக்கெட்டுகள் தாமதமாக வருவதாகக் காட்டினால் 2க்கு உயர்த்தலாம். அதற்கு முன் சுவிட்சைச் சரிபாருங்கள்.

ரூட்டிங்

கன்ட்ரோலரின் ரூட்டிங் பக்கத்தில் மேலே அனுப்பும் கருவிகள், இடப்பக்கம் பெறும் கருவிகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் க்ளிக் செய்து பச்சை டிக் வருகிறதா என்று பாருங்கள். மஞ்சள் முக்கோணம் வந்தால் அனுப்பும் கருவி அணைந்திருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். ஒரு சேனலைப் பல கருவிகளுக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு பெறும் சேனலுக்கு ஒரே ஒரு மூலம்தான். ஒலிகளைக் கலப்பது மிக்சரின் வேலை.

சிறிய கருவிகளில் ஃப்ளோ (சில சேனல்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் பாக்கெட் ஓட்டம்) எண்ணிக்கை குறைவு. ஒரே சிக்னல் பல ஆம்ப்களுக்குப் போகிறதென்றால் மல்டிகாஸ்ட் ஃப்ளோ உருவாக்குங்கள். அப்போது சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும் வசதி), யாருக்கு எது வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கும் ஒரு குவெரியரும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒலி எல்லாப் போர்ட்டுக்கும் பாய்ந்து, 100 மெகாபிட் கருவிகளைத் திணறடிக்கும்.

பிரிசெட்டை (அமைப்புகளின் நகல்) சேமித்து லேப்டாப்பைக் கழற்றுங்கள். அமைப்புகள் கருவிகளிலேயே இருக்கும். எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் போட்டு, எல்லாச் சேனலிலும் ஒலி திரும்ப வருகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.