ஐடில் (கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குதா? வேக்குவம் லீக்கை வீட்டிலேயே பிடிக்கலாம்
வேக்குவம் லீக் என்றால் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் எங்கோ ஓட்டை விழுந்து, அதன் வழியே கூடுதல் காற்று உள்ளே நுழைவது. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் மாதிரி உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் காரை நிறுத்தி வைப்பவர் என்றால், முதலில் ஹோஸ் கிளாம்ப் (ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பெட்ரோல் இன்ஜினை வெட்டவெளியில் ஐடிலில் ஓடவிட்டு, 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகவே கூடாது.

சரி, சத்தம் பிடிபடவில்லையா? சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த் தொகுதி சேரும் இடத்து அடைப்பு), பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) போகும் ஹோஸ், சின்ன ரப்பர் குழாய்களின் வளைவுகள் என்று ஒவ்வொரு இடமாக, கொஞ்சம் கொஞ்சமாக, வயரிங் கனெக்டர்கள் நனையாமல் அடியுங்கள். எங்கே அடிக்கும்போது ஐடில் சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கார்புரேட்டர் கிளீனர் இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றாமல் புதிதாகவே மாற்றுங்கள்.