சாப்பாட்டு நேரம் நம் கையில் இல்லாத வேலையில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

வடசென்னையில் மணலிப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சொல்கிறார்கள். ஆனால் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் எப்போது வந்து சேர்கிறதோ, அதை இறக்கி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாட்டு வேளை. ஆகவே மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஓட்டலில் நின்றபடியே வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது, தங்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை மருத்துவரிடம் மணிக்கணக்கோடு சொல்வதுதான். எழுந்திருக்கும் நேரம், முதல் சாப்பாடு, பாரம் தூக்கும் நேரம், வாரத்தில் எத்தனை நாள் இரவு ஷிப்ட் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மெட்பார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஒருநாள் காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டு, இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். பிற்பகல் இரண்டரை மணி வரை சாப்பாட்டுக்கு விடவில்லை. கழுத்துப் பின்புறம் சில்லென்று வியர்த்தது. கையிலிருந்த சீட்டில் பெட்டி எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சட்டைப் பையிலிருந்த மிட்டாயின் தாளைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து, மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நல்லவேளையாக, உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் விஷயம் புரிந்து டீக்கடைக்கு ஓடினார். அன்றிலிருந்து மிட்டாய் வைத்துக்கொள்வதில்லை. பொடிச் சர்க்கரையைச் சிறு பொட்டலமாகக் கட்டி, சட்டைப் பையில் ஒன்றும் சாப்பாட்டுப் பையில் ஒன்றும் வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று கூட வேலை செய்யும் இருவருக்குத் தெரியும்.

படபடப்பு, கைநடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம் ஆகியவை வந்தால் வேலையை உடனே நிறுத்துங்கள். ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இருந்தாலும், அளந்து பார்க்க வழியில்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சரியான பிறகு நான்கு இட்லியோ ஒரு கைப்பிடிச் சோறோ, எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டே எழுந்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். வாகனம் ஓட்டுபவர்கள் சாவியைப் போடுவதற்கு முன்பே அளந்து பார்ப்பது நல்லது. அதிகமாகப் பாரம் தூக்கிய நாளின் இரவிலும், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கக்கூடும். அந்த இரவில் வெறும் வயிற்றில் மது அருந்துவது உயிருக்கே ஆபத்தானது.

காசிமேட்டு மீனவர்களுக்கு இரண்டு செய்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாள் தங்கலுக்குப் போகும்போது இன்சுலினை ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். துணியில் சுற்றி டப்பாவில் போட்டு, ஐஸ் படாத மூலையில் வையுங்கள். அடுத்தது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வலை இழுக்கும் உழைப்பு நின்றுபோய், சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்தால் சர்க்கரை ஏறும். தடை முடிந்து கடலுக்குப் போனதும் அதே மருந்தில் இறங்கிவிடும். ஆகவே தடைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பாதம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் நரம்பு மரத்துப்போகும், வலி தெரியாது. எங்கள் கிடங்கில் ஒருவர் பூட்ஸுக்குள் ஒரு சிறு திருகாணியுடன் ஷிப்ட் முழுவதும் நடந்திருக்கிறார். வீட்டில் சாக்ஸைக் கழற்றியபோதுதான் அது ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். காலணியைப் போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, நனைந்ததை மாற்றுங்கள். இரவில் விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள், அசதிக்கு வெந்நீரில் காலை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள். புண் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் ஸ்டான்லி மருத்துவமனைக்கு அன்றே போங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றத்தைவிடச் சிறிய கணக்கே பலன் தருகிறது. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால், பத்துக் கரண்டிச் சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது. கேழ்வரகுக் கூழ் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைப்பது தவறு. அதுவும் சர்க்கரையை ஏற்றும். ஒரு சொம்போடு நிறுத்தி, வேகவைத்த முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்காகக் கூலியை இழக்க வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்க்கலாம், தகுதியான பங்களிப்பு இருந்து, மருத்துவர் ஓய்வுச் சான்று கொடுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்; பெரும்பாலோருக்கு அது 7 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். போகும்போது, உங்கள் வேலை நேரம் எழுதிய அந்தத் தாளும் கையில் இருக்கட்டும். ஷிப்ட் மாறியிருந்தால் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.