காவிரிப் படுகையைப் பற்றி இணையத்தில் கூட்டாக எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலும் காவிரிப் படுகையைப் பற்றி எழுத வருபவர்கள் பல தரப்பினர். தஞ்சாவூரில் வரலாறு படிக்கும் மாணவியும், ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளரும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் பயிரிடும் விவசாயியும், வெளிநாட்டிலிருந்து தம் ஊர்ப் பெயரைத் தேடி வருபவரும் ஒரே பக்கத்தில் கை வைக்கிறார்கள். இவர்களின் உழைப்பைப் பெரும்பாலும் வீணாக்குவது, மற்றவரைக் கேட்காமல் செய்யும் திருத்தமே.

வாய்க்கால்களை வரைவதில் இது தெளிவாகத் தெரியும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து வரைபவர், கோடையில் வறண்டு கிடக்கும் வாய்க்காலை மண்பாதை என்று குறித்துவிடுவதுண்டு. வாய்க்கால் என்று சரியாக அறிந்தவரும், நீரோடும் திசையிலேயே கோட்டை வரைய வேண்டும் என்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழக்கத்தை மறந்து, கீழிருந்து மேலாக வரைந்துவிடுவார். இவற்றை எளிதில் திருத்திவிடலாம். ஆனால் மேட்டு வயல்களுக்கு வடிகாலாக இருக்கும் அதே ஓடை, கீழே போகப் போகக் கடைமடை வயல்களுக்குப் பாசனம் தருவது டெல்டாவின் இயல்பு. பொறியாளர் அதை வடிகால் என்று குறிக்க, கடைமடைக்காரர் பாசன வாய்க்கால் என்று மாற்ற, இருவரும் மாறி மாறி அழித்துக்கொண்டிருந்தால் வரைபடம் ஒரு நாளும் நிலைபெறாது. ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரிடமோ அங்கே தண்ணீர் பாய்ச்சுபவரிடமோ எந்த மதகிலிருந்து பாசனம் தொடங்குகிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கோட்டைப் பிரித்து, இரு பகுதிகளையும் தனித்தனியே குறித்தால் இருவர் சொன்னதும் சரியாகவே பதிவாகும்.

ஒரு பெயரை எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றுவது அடுத்த தவறு. சீர்காழி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும், பிறகு 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இருந்து, இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1960-இல் அங்கே பிறந்த ஒருவரைப் பற்றிய கட்டுரையில் புதிய மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்தால், பழைய ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் குழம்புவார். அன்றைய மாவட்டத்தை எழுதி, இன்றைய மாவட்டத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டால் போதும்.

சான்று காட்டுவதில் நேரும் பிழை இன்னும் ஆழமானது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கூற்று எத்தனையோ இடங்களில் அச்சேறியிருக்கிறது. மாலையில் பிராகாரத்தில் நிற்கும் எவரும் அந்த நிழலைக் காணலாம். இத்தகைய கூற்று கட்டுரையில் ஒரு முறை நுழைந்துவிட்டால், அதைப் பார்த்து ஒரு நாளிதழ் எழுதும். பிறகு அந்த நாளிதழே கட்டுரைக்குச் சான்றாக வந்து சேரும். பத்துத் தளங்கள் ஒன்றையே சொன்னாலும் அவை ஒரே இடத்திலிருந்து எடுத்தவை என்றால் சான்று ஒன்றுதான் என்பதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கண்ணால் கண்டேன் என்று கட்டுரையில் எழுத விக்கிப்பீடியாவின் விதி இடம் தராது என்பதால், நிழல் விழும் படத்தை, விக்கிப்பீடியாவில் பயன்படும் படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிட்டு, கோயிற் கட்டடக்கலை பற்றிய ஆய்வு நூலைத் தேடுவதே முறை.

கூகுள் வரைபடத்திலிருந்து தெருப் பெயர்களையும், தலபுராணச் சிறுநூல்களிலிருந்து பத்திகளையும் அப்படியே எடுத்து ஒட்டுவது உரிமச் சிக்கலில் முடியும். அது கூடவே கூடாது.

சான்று இல்லை என்ற ஒற்றை வரியோடு ஒருவரைத் திருப்பி அனுப்புவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல்லைப் பல போகம் விளைவித்த விவசாயி, கட்டுரையில் உள்ள நெல்லின் வயது, அதாவது விதைப்பிலிருந்து அறுவடை வரையான நாட்கள், தம் வயலுக்குப் பொருந்தவில்லை என்று திருத்தினால், அச்சிட்ட சான்று இல்லாததால் அத்திருத்தம் நீக்கப்படலாம். விதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் நீக்கியவர் அங்கேயே நின்றுவிடக் கூடாது. எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில் விதைத்தார், நேரடி விதைப்பா நடவா என்று அவரிடம் மரியாதையாகக் கேட்டு, விடையைக் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் பதிந்து வைத்தால், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளைப் புரட்ட வாய்ப்புள்ள வேறொருவர் பின்னாளில் அதைப் பார்த்து உரிய சான்றைத் தேடி இணைக்க முடியும்.